சி.வி.எஸ்ஸில் கிளை எங்கே இருக்கிறது?

சி.வி.எஸ். களஞ்சியத்தோடு மல்லுக்கட்டியவர்களின் புகார்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தம் இருப்பதாகவே தெரியாது. புதுக் கிளை வெட்டியாயிற்று. ஆனால் லாகைத் திறந்தால் அந்தக் கிளையில் ஒரு ரிவிஷன்கூட இல்லை, எண்ணின் நடுவே ஒரு பூஜ்ஜியம் மட்டும் நிற்கிறது. பழைய டேக் ஒன்றை எடுத்துத் திருத்தினால் கமிட் மறுக்கப்படுகிறது. ஒரே டைரக்டரியில் பாதிக் கோப்புகள் கிளையிலும் மீதி டிரங்கிலும் கிடக்கின்றன. வேண்டாமென்று தூக்கியெறிந்த வரிகள் அடுத்த மெர்ஜில் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிடுகின்றன. கையேடுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளையைத் தருகின்றன. அந்தக் கட்டளை அன்றைய சிக்கலைத் தீர்க்கும், மறுநாள் வரும் சிக்கலுக்கு உதவாது. இவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன என்பது என் வாதம். சி.வி.எஸ்ஸுக்குக் கோப்பு தெரியும், திட்டம் தெரியாது. கிளை, டேக், ரிவிஷன் ஆகியவற்றைத் திட்டத்தின் சொத்தாக நினைத்துக்கொண்டு நாம் கேள்வி கேட்கிறோம். அது கோப்பின் சொத்தாக வைத்துக்கொண்டு பதில் சொல்கிறது.

இது யாரோ கவனக்குறைவாகச் செய்த வடிவமைப்பு அல்ல, பிறப்பிலேயே வந்தது. மூல நிரலின் திருத்தங்களைக் காத்துவைக்கும் முதல் பெயர்பெற்ற கருவியான எஸ்.சி.சி.எஸ்ஸை 1972-இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் எழுதினார். பத்தாண்டு கழித்து பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிக்கி ஆர்.சி.எஸ்ஸை உருவாக்கினார். இரண்டுமே தனிக் கோப்புகளைக் காக்கும் கருவிகள். 1980-களின் நடுவில் ஆம்ஸ்டர்டாமின் விரீ பல்கலைக்கழகத்தில் டிக் குரூனும் இரண்டு மாணவர்களும் ஒரு சி கம்பைலரில் சேர்ந்து வேலை செய்தார்கள். மூவருக்கும் நேரம் ஒத்துவரவில்லை; ஆர்.சி.எஸ்ஸோ ஒருவர் பூட்டிய கோப்பை இன்னொருவர் தொட விடாது. அந்தப் பூட்டைச் சுற்றிக்கொண்டு போகத்தான் குரூன் சில ஷெல் ஸ்கிரிப்டுகளை எழுதி 1986-இல் பொதுவில் விட்டார். சி.வி.எஸ்ஸின் தொடக்கமான அவற்றை 1989-இல் பிரையன் பெர்லினர் சி மொழியில் புதிதாக எழுதினார். பலர் ஒரே நேரத்தில் திருத்துவது, டைரக்டரி முழுவதையும் ஒரே கட்டளையில் எடுப்பது, பிறகு வலைப்பின்னல் வழியாக அணுகுவது எல்லாம் மேலே கட்டிய மாடிகள். அஸ்திவாரம் கடைசிவரை ஆர்.சி.எஸ். கோப்புதான்.

அந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பதைவிடச் சிறந்த பாடம் கிடையாது. களஞ்சியத்தில் ஒவ்வொரு கோப்புக்கும், பெயரின் கடைசியில் ஒரு காற்புள்ளியும் வி எழுத்தும் ஒட்டிய இரட்டை ஒன்று இருக்கும். வெறும் எழுத்துக் கோப்பு, எந்த எடிட்டரிலும் திறக்கலாம். தலைப்பில் டிரங்கின் கடைசி ரிவிஷன் எண். அதன் கீழே டேக்குகளின் பட்டியல்: பெயர், முக்காற்புள்ளி, எண். பிறகு ஒவ்வொரு ரிவிஷனுக்கும் தேதி, எழுதியவர், நிலை. கடைசியில் உரைகள். டிரங்கின் ஆகப் புதிய ரிவிஷன் மட்டும் முழுசாக இருக்கும். அதற்கு முந்தையவை எல்லாம் அதிலிருந்து பின்னோக்கிப் போவதற்கான வேறுபாடுகள். கிளையில் இது தலைகீழ்: கிளை முளைத்த இடத்திலிருந்து முன்னோக்கிப் போகும் வேறுபாடுகள். ஆகவே கிளையின் நுனியை எடுக்க வேண்டுமானால் டிரங்கின் உச்சியிலிருந்து கிளை பிரிந்த இடம்வரை இறங்கி, மறுபடி கிளையில் ஏற வேண்டும். நீண்ட காலம் வாழும் கிளைகளை செக்அவுட் செய்வது ஏன் மந்தமாகிறது, வட்டு கெட்டு நடுவில் சில வரிகள் அழிந்தால் டிரங்கில் பழையவை மட்டும் போய்ப் புதியவை ஏன் தப்பிக்கின்றன, கிளையில் ஏன் புதியவை போகின்றன என்பதெல்லாம் இந்த அமைப்பிலேயே தெரிந்துவிடும். ஆனால் எவ்வளவு தேடினாலும் ஒன்று மட்டும் அகப்படாது: இந்தக் கிளையில் உள்ள கோப்புகள் இவை என்று சொல்லும் ஒரு பட்டியல். நம் வீடுகளில் பாத்திரங்களில் பெயர் வெட்டி வைப்பார்களே, டேக்கும் கிளையும் அப்படித்தான். ஒவ்வொரு பாத்திரத்திலும் பெயர் இருக்கிறது. யார் யாருக்கு என்னென்ன என்று எழுதிய நோட்டு எங்கும் இல்லை. வெட்ட மறந்த பாத்திரம் யாருடையது என்று பாத்திரம் சொல்லாது.

இதை வைத்துக்கொண்டு முதல் புகாருக்கு வரலாம். ஒரு கோப்பு 1.4-இல் இருக்கிறது, அங்கிருந்து கிளை வெட்டுகிறோம். லாகில் அந்தக் கிளையின் பெயருக்கு எதிரே 1.4.0.2 என்று வரும். கிளையின் உண்மையான எண் 1.4.2, அதில் செய்யும் முதல் கமிட் 1.4.2.1 ஆகும். அதே இடத்தில் இன்னொரு கிளை வெட்டினால் 1.4.4. கிளைக்கு இரட்டைப்படை எண்களை மட்டும் கொடுப்பது சி.வி.எஸ்ஸின் வழக்கம்; ஒற்றைப்படை எண்கள் வெளியிலிருந்து இறக்குமதி செய்த நிரலுக்கு ஒதுக்கியவை. நடுவில் வரும் பூஜ்ஜியம் ஓர் ஒட்டுவேலை. ஆர்.சி.எஸ். வடிவத்தில் ரிவிஷன் எதுவும் இல்லாத கிளை என்று ஒன்று இருக்க முடியாது. ஆனால் ஆயிரம் கோப்புள்ள திட்டத்தில் கிளை வெட்டியவுடன் ஆயிரம் வெற்று ரிவிஷன்களை உண்டாக்குவது வீண். அதனால் பின்னால் தேவைப்பட்டால் இங்கே கிளை முளைக்கும் என்று பெயரோடு ஓர் இடத்தைப் பிடித்து வைக்கிறார்கள். சிக்கலைத் துப்பறிகிறவருக்கு இது பயனுள்ள தடயம். கடைசிக்கு முந்தைய இடத்தில் பூஜ்ஜியம் இருந்தால் அது கிளை; இல்லாமல் வெறும் 1.4 என்று இருந்தால் அது அசையாத டேக். கிளை வெட்டும்போது அதற்கான விருப்பக்குறியை மறந்து சாதாரண டேக் போட்டுவிட்டு, கிளையில் கமிட் ஏறவில்லையே என்று தவிப்பவர் அந்தப் பட்டியலை ஒரு முறை பார்த்தால் போதும்.

அசையாத டேக்கில் கமிட் மறுக்கப்படுவதும் இதன் தொடர்ச்சி. வேலைப் பிரதியின் ஒவ்வொரு டைரக்டரியிலும் சி.வி.எஸ். என்ற உள் டைரக்டரி இருக்கும். அதனுள் என்ட்ரீஸ் என்ற கோப்பு. அதில் கோப்புக்கு ஒரு வரி, சாய்கோடுகளால் பிரித்த ஐந்து புலங்கள்: பெயர், ரிவிஷன், நேரம், விருப்பங்கள், கடைசியாக ஒட்டிக்கொண்டிருக்கும் டேக் அல்லது தேதி. அந்த ஐந்தாம் புலம்தான் நாம் எந்தக் கிளையில் இருக்கிறோம் என்பதன் நினைவு, அதுவும் கோப்புக்குக் கோப்பு தனித்தனியாக. ஒரு துணை டைரக்டரிக்குள் போய் அங்கே மட்டும் கிளை மாற்றிக்கொண்டால், திட்டத்தின் ஒரு பகுதி கிளையிலும் மற்றது டிரங்கிலும் இருப்பது சி.வி.எஸ். பார்வையில் பிழையே அல்ல. அது எச்சரிக்கவும் செய்யாது. அந்தப் புலத்தில் அசையாத டேக் இருந்தால் கமிட் ஏறுவதற்குக் கிளை இல்லை, அதனால்தான் மறுப்பு. கமிட் மறுக்கப்பட்டதும் பலர் கை வைப்பது ஏ விருப்பக்குறியோடு அப்டேட் செய்வதில். அது ஒட்டியிருந்த டேக்கை நீக்கிவிடும், கூடவே கோப்பை டிரங்கின் நுனிக்கு இழுத்துப் போய் நம் திருத்தத்தை அங்கே கலந்தும் விடும். பழைய வெளியீட்டைத் திருத்த நினைத்தவர் அறியாமலே புதிய வெளியீட்டைத் திருத்திவிடுகிறார். சரியான வழி வேறு: இருக்கிற இடத்திலேயே, அந்த ரிவிஷன்களிலிருந்தே ஒரு கிளை வெட்டி, வேலைப் பிரதியை அந்தக் கிளைக்கு மாற்றி, பிறகு கமிட் செய்வது. செய்த திருத்தமும் அழியாது. கிளை வெட்டிய பிறகு டிரங்கில் பிறந்த கோப்பு கிளையில் தென்படாமல் போவதற்கும் காரணம் இதுவே: அந்தக் கோப்பில் கிளையின் பெயர் இல்லை, பெயர் இல்லையென்றால் அந்தக் கிளையில் அது பிறக்கவே இல்லை.

ஆபத்து மிகுந்த இடம் மெர்ஜ். ஒரு கிளையை டிரங்கில் சேர்க்கச் சொன்னால் சி.வி.எஸ். ஒவ்வொரு கோப்பிலும் மூன்று பிரதிகளை ஒப்பிடுகிறது: கிளை பிரிந்த இடம், கிளையின் நுனி, நம் கையிலுள்ள டிரங்க் பிரதி. முதல் முறை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அடுத்த மாதம் கிளையில் இன்னும் சில மாற்றங்கள் வந்ததும் அதே கட்டளையைக் கொடுத்தால், ஒப்பீடு மறுபடியும் கிளை பிரிந்த இடத்திலிருந்தே தொடங்கும். போன முறை எதுவரை சேர்த்தோம் என்பது எங்கேயும் எழுதப்படவில்லை. ஏற்கெனவே சேர்ந்த வரிகள் இரு பக்கமும் ஒன்றாக இருந்தால் கருவி கடந்து போய்விடும்; அதே வரிகளைக் கிளையில் மறுபடி திருத்தியிருந்தால் மோதல் என்று கூச்சலிடும். கூச்சலிடும் மோதல் நல்லது, கண்ணுக்குத் தெரிகிறது. கிளையிலிருந்து வந்த ஒரு திருத்தம் சரிப்படவில்லை என்று டிரங்கில் யாரோ அதை நீக்கிப் பழைய வரியையே திரும்ப வைத்திருக்கிறார் என்று கொள்வோம். இப்போது கிளை பிரிந்த இடத்தில் பழைய வரி, டிரங்கிலும் பழைய வரி, கிளையில் மட்டும் புதிய வரி. மூன்றையும் பார்க்கும் கருவிக்கு டிரங்க் இந்த வரியைத் தொடவே இல்லை என்றுதான் தோன்றும். வேண்டாமென்று தீர்மானித்த திருத்தத்தை மோதல் எதுவும் காட்டாமல் உள்ளே வைத்துவிடும். தப்பிக்கும் வழி, ஒவ்வொரு மெர்ஜ் முடிந்ததும் கிளையின் நுனியில் ஒரு டேக் போட்டு, அடுத்த முறை அந்த டேக்குக்கும் நுனிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மட்டும் கேட்பது. இரண்டு ஜே விருப்பக்குறிகள் கொடுக்க முடிவது இதற்காகத்தான். ஐடி, லாக் போன்ற தானாக நிரம்பும் சொற்கள் ஒவ்வொரு கோப்பிலும் பொய்யான மோதலை உண்டாக்கும் என்பது கூடுதல் தொல்லை. மெர்ஜின்போது அவற்றை விரிக்காமல் விடச் சொன்னால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அழிந்த கோப்புகளின் கதை இன்னும் விசித்திரமானது. ஒரு கோப்பை டிரங்கிலிருந்து நீக்கினால் அது அழிவதில்லை. இறந்தது என்ற நிலையோடு ஒரு ரிவிஷன் சேர்ந்து, கோப்பு ஆட்டிக் என்ற பக்க டைரக்டரிக்குள் போகும். கிளையில் மட்டும் புதிதாக ஒரு கோப்பைச் சேர்த்தால், டிரங்கில் அதற்கு 1.1 என்று பிறக்கும்போதே இறந்த ஒரு ரிவிஷன் உண்டாகி, உண்மையான உரை கிளையில் 1.1.2.1-ஆக அமரும். லாக் பார்ப்பவர் டிரங்கில் என்றோ இருந்து யாரோ நீக்கிய கோப்பு என்று எண்ணிக்கொள்வார். இறக்குமதி செய்த நிரலிலும் இதுபோல ஒரு மறைபொருள் உண்டு. 1.1.1 என்ற கிளையில் வெளி நிரல் வந்து அமர்ந்ததும் அந்தக் கோப்பின் இயல்புக் கிளையாக அதுவே குறிக்கப்படுகிறது. நாம் அந்தக் கோப்பைத் தொடாதவரை அடுத்த இறக்குமதி வந்ததும் டிரங்கில் அதுவே தெரியும். ஒரு முறை திருத்திவிட்டாலோ 1.2 பிறந்து, அந்தக் குறி நீங்கி, அடுத்த இறக்குமதியைக் கையால் மெர்ஜ் செய்தாக வேண்டும். பக்கத்துப் பக்கத்துக் கோப்புகள் இரு வேறு விதிகளுக்கு உட்பட்டிருப்பது வெளியில் தெரியாது.

ஒரே கமிட்டில் பத்துக் கோப்புகளை அனுப்பினாலும் சி.வி.எஸ்ஸுக்கு அது பத்துத் தனிச் செயல். நடுவில் இணைப்பு அறுந்தால் நான்கு ஏறியிருக்கும், ஆறு ஏறியிருக்காது. அந்தப் பத்தும் ஒரே மாற்றத்தைச் சேர்ந்தவை என்பது நிலையான பதிப்புகளில் எங்கும் பதிவாவதில்லை. பிற்காலத்தில் சி.வி.எஸ்.பி.எஸ். போன்ற கருவிகள் அதை ஊகிக்க வேண்டியிருந்தது: ஒரே ஆள், ஒரே குறிப்பு, 300 நொடிக்குள் வந்தவை என்றால் ஒரே மாற்றம். வரலாற்றைக் காக்கவென்றே செய்த கருவியின் வரலாற்றை ஊகத்தால் மீட்பது என்பதில் ஒரு கசப்பான நகைச்சுவை இருக்கிறது. இன்னொரு பக்கம், கோப்பு வெறும் உரைக் கோப்பாக இருப்பதால், சர்வரின் வட்டில் எழுத முடிகிறவரால் வரலாற்றையே மாற்றி எழுத முடியும். 2003 நவம்பரில் லினக்ஸ் கெர்னலுக்கு இது நேர்ந்தது. மூலம் அப்போது பிட்கீப்பர் என்ற இன்னொரு திருத்தக் கருவியில் இருந்தது. அதை விரும்பாதவர்களுக்காக ஒரு சி.வி.எஸ். பிரதியும் வைத்திருந்தார்கள். அந்தப் பிரதியில் யாரோ நேரடியாக இரண்டு வரிகளைச் செருகியிருந்தார். பயனர் எண் பூஜ்ஜியமா என்று சோதிப்பதுபோல் தோன்றும் அந்த வரியில் இரட்டைச் சமக்குறி வர வேண்டிய இடத்தில் ஒற்றைச் சமக்குறி; விளைவு, சோதிப்பதற்குப் பதிலாக அழைத்தவரை ரூட்டாகவே ஆக்கிவிடும். பிட்கீப்பர் மூலத்தோடு ஒத்துப்போகவில்லை என்பதால் பிடிபட்டது, கெர்னலுக்குள் நுழையவில்லை. பிரதி தன் திரிபைத் தானே காட்டிக்கொள்ளவில்லை, பக்கத்தில் இன்னொரு சாட்சி இருந்ததால்தான் தெரிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஒழுங்கின்மைதான் காரணம், கருவியைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். வலுவான எதிர்வாதம்தான். ஓப்பன்-பி.எஸ்.டி. 1995-இலேயே தன் சி.வி.எஸ். களஞ்சியத்தை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்து வைத்தது. இன்றும் அதிலேயே ஓர் இயங்குதளம் முழுவதும் வளர்கிறது. அவர்களுக்கு முடிந்தது மற்றவர்களுக்கு ஏன் முடியாது? ஆனால் அவர்கள் கிளையை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தால் விடை அங்கேயே கிடைக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு. வெளியீட்டுக்கு ஒரு கிளை. வேலை நடப்பது டிரங்கில். முக்கியமான பிழைத்திருத்தங்கள் மட்டும் கடைசி இரண்டு வெளியீடுகளின் கிளைகளுக்குப் போகும். கிளையிலிருந்து டிரங்குக்குத் திரும்பத் திரும்ப மெர்ஜ் செய்யும் பழக்கமே அங்கு இல்லை. கருவி எதை நினைவில் வைத்துக்கொள்ளாதோ அதைக் கேட்காமலேயே வாழப் பழகிக்கொண்டார்கள். ஃப்ரீ-பி.எஸ்.டி.யில் கோப்பின் பெயரை மாற்றவோ இடம் மாற்றவோ விரும்பினால் களஞ்சியத்தின் பொறுப்பாளர்களிடம் விண்ணப்பித்து, அவர்கள் உள்ளே போய் வரலாற்றுக் கோப்பைக் கையால் நகலெடுக்கும் முறையே நடைமுறையில் இருந்தது. இதை ஒழுங்கு என்று சொல்லலாம். கருவி செய்ய வேண்டியதை மனிதர்கள் செய்தார்கள் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது.

இன்னோர் எதிர்வாதம் என் வாதத்தின் ஒரு பகுதியை உண்மையிலேயே அசைக்கிறது. கோப்பு வாரியாக வரலாறு வைத்ததுதான் எல்லாவற்றுக்கும் வேர் என்றால், திட்டம் முழுவதற்கும் ஒரே ரிவிஷன் எண் வைத்த சப்வெர்ஷனில் இச்சிக்கல்கள் ஒழிந்திருக்க வேண்டும். 2004-இல் வெளியான அதன் 1.0 பதிப்பில் பாதிக் கமிட் என்ற பேச்சே இல்லை, கோப்பை இடம் மாற்றலாம், கிளை என்பது மரத்தின் ஒரு நகல். ஆனால் எதுவரை மெர்ஜ் செய்தோம் என்பதை அதுவும் நினைவில் வைக்கவில்லை. 2008-இல் வந்த 1.5 பதிப்பில்தான் அந்த வசதி சேர்ந்தது. இடைப்பட்ட நான்காண்டும் சப்வெர்ஷன் பயனர்கள் எந்த எண்வரை சேர்த்தோம் என்பதைக் கமிட் குறிப்பில் கையால் எழுதிவந்தார்கள். ஆகவே மெர்ஜ் மறதி தனிக் குறை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். திட்டத்தை அறிந்திருப்பது அதற்குப் போதாது. ஆனாலும் ஒரு வேறுபாடு நிற்கிறது. சப்வெர்ஷன் பயனருக்குக் குறித்துவைக்க ஓர் எண் இருந்தது, திட்டம் முழுவதையும் சுட்டும் ஒற்றை எண். சி.வி.எஸ். பயனர் ஒவ்வொரு முறையும் எல்லாக் கோப்புகளிலும் ஒரு டேக்கை வெட்டியாக வேண்டும். இரண்டு கோப்புகளில் விட்டுப்போனால் தெரியவும் தெரியாது.

பழைய கருவிதானே, மாறிவிட்டால் தீர்ந்தது என்பவர்களும் உண்டு. மாறத்தான் வேண்டும், சி.வி.எஸ்ஸின் கடைசி நிலையான பதிப்பு 1.11.23, 2008-இல் வந்ததோடு சரி. மோசில்லா 2007-இல் மெர்க்குரியலுக்கும், போஸ்ட்கிரெஸ் 2010 செப்டம்பரில் கிட்டுக்கும் போயின. ஆனால் மாறும் நாளில்தான் மேலே சொன்ன எல்லாம் மொத்தமாக எழுந்து வருகின்றன. ஒரு டேக் சுட்டும் கோப்புகளின் கூட்டம் திட்டம் எந்த நொடியிலும் இருந்திராத ஒரு நிலையாக இருக்கலாம். பழைய ரிவிஷன்களும் புதியவையும் கலந்த வேலைப் பிரதியிலிருந்து டேக் போட்டிருப்பார்கள், பிறகு சில கோப்புகளில் மட்டும் நகர்த்தியிருப்பார்கள். மாற்றும் கருவி அப்படி ஒரு நிலையைத் தானே தயாரித்து, இது தயாரித்த கமிட் என்று குறிப்பும் எழுதிவைக்கிறது. யாரும் செய்யாத கமிட்டுகளைப் புதிய களஞ்சியத்தில் பார்த்து வியப்பவர்கள் பார்ப்பது இவற்றைத்தான். இறந்து பிறந்த ரிவிஷன்களும், அட்மின் கட்டளையால் சுவடில்லாமல் வெட்டியெடுத்த ரிவிஷன்களும், கையால் நகர்த்திய கோப்புகள் பழைய டேக்கில் புதிய இடத்தில் தலைகாட்டுவதும் இந்தக் கட்டத்தில்தான் கணக்குக்கு வருகின்றன. மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு: வெளியீட்டு டேக்குகள் ஒவ்வொன்றையும் சி.வி.எஸ்ஸிலிருந்தும் புதிய களஞ்சியத்திலிருந்தும் எடுத்து, வரிக்கு வரி ஒப்பிடுவது. கமிட்டுகளின் எல்லை எங்கே என்பதில் ஊகம் பிசகலாம், அது பொறுத்துக்கொள்ளக் கூடியது. வெளியிட்ட நிரல் மாறிப்போவதைப் பொறுக்க முடியாது.

கோப்புக்கு ஓர் எண் என்பதில் நன்மையே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஐடி என்ற சொல் விரிந்து கோப்பின் தலையில் பெயர், ரிவிஷன், தேதி, ஆள் எல்லாம் எழுதிவிடுவதால், களஞ்சியத்தை விட்டு வெளியேறி எங்கோ ஒரு சர்வரில் கிடக்கும் கோப்பும் தான் எந்த ரிவிஷன் என்று தானே சொல்லும். அந்த வரியை நிரலுக்குள் ஒரு சரமாக வைத்துக் கம்பைல் செய்தால், ஆர்.சி.எஸ்ஸோடு வரும் ஐடென்ட் கட்டளை பைனரியிலிருந்தே அதை உருவி எடுக்கும். கோப்பில் இப்படி எழுதிவைக்கும் வழக்கம் கிட்டில் இயல்பாக இல்லை. பழைய பிழை அறிக்கைகள், கருத்துரைகள், பாதுகாப்பு அறிவிப்புகள் எல்லாம் இந்தக் கோப்பில் 1.37-ஐப் பார் என்றுதான் பேசும்; மாற்றிய பிறகு அந்த எண்ணைத் தேடிப் போக வழியிருக்காது. சி.வி.எஸ்.2.எஸ்.வி.என். என்ற மாற்றும் கருவியில் பழைய ரிவிஷன் எண்களைப் புதிய களஞ்சியத்தின் பண்புகளாகச் சேர்த்துவைக்கும் விருப்பக்குறி ஒன்று உண்டு. இயல்பாக அது அணைந்திருக்கும். அதைப் போட்டுவிடுவதும், பழைய களஞ்சியத்தை எழுத முடியாதபடி பூட்டி ஒரு மூலையில் வைத்துக்கொள்வதும் அதிகச் செலவில்லாத வேலைகள்.